எந்தத் தொனிக்கு எதை மாற்றுவது

ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962இல் செய்யப்பட்ட ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். ஜாக்கோ பாஸ்டோரியஸ் வாசித்தது அதே 1962ஆம் ஆண்டின் ஃபெண்டர் ஜாஸ் பேஸ். இரண்டும் ஒரே நிறுவனத்தின் கிட்டார்கள். இரண்டிலும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 34 அங்குலம். ஆனால் மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டுப் பாட்டான 'வாட்ஸ் கோயிங் ஆன்'-இல் ஜேமர்சனைக் கேட்டுவிட்டு, வெதர் ரிப்போர்ட் குழுவின் 1977ஆம் ஆண்டுத் தொகுப்பான 'ஹெவி வெதர்'-இல் ஜாக்கோவைக் கேளுங்கள். முதலாவது உருண்டு திரண்டு ஒலிக்கும்; ஒலித்த வேகத்தில் அடங்கி அடுத்த சுரத்துக்கு இடம் விடும். இரண்டாவது இழையும், லேசாக மூக்கால் பாடும், சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும், முடிந்த பிறகும் நீளும்.

இந்த வித்தியாசத்தில் பிக்கப்புக்குப் பங்கு உண்டு. ஆனால் பெரும்பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. ஜேமர்சன் கட்டியிருந்தவை தட்டையான மேற்பரப்புள்ள தடித்த கம்பிகள். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச் இருந்தது. வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். ஜாக்கோ ஃபிரெட்டுகளை நீக்கிவிட்டு, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியை விரல்பலகையின் மேல் பூசினார். அதன்மேல் சொரசொரப்பான ரவுண்ட்வுண்ட் கம்பிகளைக் கட்டி, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைத் திறந்து, அதன் அருகிலேயே விரல் வைத்து வாசித்தார்.

விரலில் தொடங்கும் ஒலி ஸ்பீக்கர் வரை ஒரு வழியில் பயணிக்கிறது. அந்த வழியின் தொடக்கத்தில் செய்யும் மாற்றத்துக்குப் பலன் அதிகம், செலவு குறைவு. நம்மில் பெரும்பாலோர் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறோம். முதலில் பெடல், பிறகு ஆம்ப், அப்புறம் புதுக் கிட்டார் என்று போய், கம்பியைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறோம். இந்த அத்தியாயம் விரலில் தொடங்கி ஆம்ப்பில் முடிகிறது. செலவையும் அதே வரிசையில் செய்யுங்கள் என்பதே என் பரிந்துரை.

வேண்டியது எது என்று காதுக்குத் தெரிய வேண்டும்

உங்களுக்குப் பிடித்த பேஸ் ஒலி உள்ள இரண்டு மூன்று பாடல்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் நீள்கிறது? சுரத்தின் தொடக்கத்தில் கம்பி உலோகமாகத் தட்டும் சத்தம் இருக்கிறதா, இல்லை சதைப்பற்றான ஒரு தள்ளல் மட்டும்தானா? டிரம்ஸின் கிக்குக்குக் கீழே பாய் விரித்தாற்போல் பேஸ் கிடக்கிறதா, அல்லது கிக்குக்கு மேலே ஏறி மெட்டுப் பேசுகிறதா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் எதைத் தொட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

கொஞ்சம் எண்களும் தேவை. திறந்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், ஏ கம்பி 55, டி 73, ஜி 98. ஐந்து கம்பிப் பேஸின் தாழ்ந்த பி 31 ஹெர்ட்ஸ். கைபேசியின் ஸ்பீக்கருக்கு இவற்றில் எதையும் உருப்படியாக ஒலிக்கும் திறன் கிடையாது. ஆனாலும் கைபேசியில் பேஸ் மெட்டை நம்மால் பின்தொடர முடிகிறது. காரணம், 41 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 82, 123, 164 என்று மேல்சுரங்களும் சேர்ந்தே எழுகின்றன. அவற்றைக் கேட்டு, கேட்காத அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே நடப்பதை ஒரு தலைமுறை சின்ன டிரான்சிஸ்டர் வானொலிகளில்தான் கேட்டு ரசித்தது. அடிச்சுரம் அந்த ஸ்பீக்கரில் வரவே இல்லை, மேல்சுரங்கள் வந்தன. பேஸ் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் பேஸ் குமிழைத் திருப்புவது பெரும்பாலும் தவறான மருந்தாவது இதனால்தான்.

தோராயமான வரைபடம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை உடம்பில் உணரும் கனம். 200 முதல் 300 வரை சதைப்பிடிப்பு, அதிகமானால் கலங்கல். 700 முதல் 1000 வரை உறுமல்; எந்தச் சுரம் என்று அடையாளம் காட்டும் பகுதியும் இதுவே. 2000க்கு மேல் கம்பியின் தட்டல், விரலின் உரசல், ஸ்லாப் வாசிப்பின் வெட்டு. தனியாக வாசிக்கும்போது 700–1000 பகுதி அருவருப்பாகத் தோன்றும், குறைக்கத் தோன்றும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்த பிறகு பேஸைக் காப்பாற்றுவது அதே பகுதிதான். வீட்டில் தனியாக உட்கார்ந்து தொனியைத் தீர்மானிக்காதீர்கள். குழுவோடு பதிவுசெய்து கேட்டுத் தீர்மானியுங்கள்.

விரல்

ஒரு பைசா செலவில்லாத பகுதி இது. நெக் முடியும் இடத்தருகே மீட்டினால் ஒலி அகலமாக, மிருதுவாக இருக்கும். பிரிட்ஜுக்கு அருகே போகப்போக இறுகும். அடிச்சுரம் குறைந்து மேல்சுரம் துலங்கும். கம்பி நடுப்பக்கம் தாராளமாக அசைகிறது, பிரிட்ஜ் பக்கம் விறைப்பாக இருக்கிறது. அதே விறைப்பு ஒலியிலும் வருகிறது. விரலின் நுனியால் கொத்துவதும், சதைப் பகுதியை முழுதாகக் கம்பியில் வைத்துத் தள்ளுவதும் இரண்டு வேறு கிட்டார்கள் போலவே கேட்கும். பிக் பிடித்து, உள்ளங்கையின் விளிம்பைப் பிரிட்ஜ் மேல் லேசாக அழுத்தி வாசித்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் கரோல் கே பிக்கையும், கம்பிகளை அடக்கும் ஃபெல்ட் துண்டையும் சேர்த்துப் பயன்படுத்தித்தான் 1960களின் எத்தனையோ பதிவுகளில் அந்தத் தெளிவான, குட்டையான சுரங்களைக் கொண்டுவந்தார்.

ஃபெல்ட் கிடைக்காவிட்டால் பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்ச் போதும். பிரிட்ஜ் சேடில்களுக்கு முன்னால், கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். கம்பியை மேலே தள்ளாமல் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் அளவுக்கு அதை வெட்டுவது முக்கியம். அதிகம் அழுத்தினால் சுரம் செத்துவிடும், சுருதியும் விலகும். பழைய சோல் இசையின் தொனிக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

கம்பி

பேஸின் தொனியில் கம்பியின் பங்கை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஒரே கிட்டாரில் கம்பி வகையை மாற்றுவது, பல சமயங்களில் அதே கம்பியோடு வேறு பிக்கப் போடுவதைவிடப் பெரிய மாற்றத்தைத் தருகிறது.

உள்ளே ஓர் எஃகு இழை, அதைச் சுற்றி இன்னொரு கம்பி: பேஸ் கம்பியின் கட்டமைப்பு இதுதான். சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வுண்ட், தட்டையான நாடாவாக இருந்தால் ஃபிளாட்வுண்ட். 1960களின் நடுப்பகுதி வரை பேஸ் கிட்டாருக்கு ஃபிளாட்வுண்டே வழக்கம். இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம் 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து 1960களில் உருவாக்கிய 'ஸ்விங் பேஸ் 66' எஃகு ரவுண்ட்வுண்ட் கம்பிகள் அந்த வழக்கத்தை உடைத்தன. பேஸுக்குப் பியானோவின் அடிக்கட்டைகளைப் போன்ற மணியோசை வந்தது அதன் பிறகுதான். ஜாக்கோ கட்டியவையும் இவையே.

ரவுண்ட்வுண்டிலும் இரண்டு உலோகங்களை அறிந்துகொள்ளுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூர்மையாக ஒலிக்கும், விரலுக்குச் சொரசொரப்பு, ஃபிரெட்டுகளைச் சீக்கிரம் தேய்க்கும். நிக்கல் முலாம் பூசிய எஃகு அதைவிடச் சாந்தம். எல்லா வகைப் பாட்டுக்கும் வளைந்துகொடுக்கும். மெல்லிசைக் குழுவில் ஒரே இரவில் 1960களின் மெல்லிசையிலிருந்து இன்றைய குத்துப்பாட்டு வரை வாசிப்பவருக்கு நான் சொல்வது நிக்கல் ரவுண்ட்வுண்ட்தான். தடிமன் 0.045 முதல் 0.105 அங்குலம் வரையிலான தொகுதி பொது அளவு.

ஃபிளாட்வுண்டில் மேல்சுரங்கள் சீக்கிரம் அடங்கும், விரல் உரசல் அறவே இருக்காது. புதிதாகக் கட்டிய சில வாரங்களுக்குக் கொஞ்சம் உலோக வாடை அடிக்கும், பிறகு கனிந்துவிடும். அதன் பின் வருடக்கணக்கில் உழைக்கும். எல்லா ஃபிளாட்வுண்டும் ஒன்றல்ல. லா பெல்லாவின் 0.052–0.110 தொகுதி ஜேமர்சன் பாணிக்குரியது. இழுவிசை மிக அதிகம், இடது கைக்கு உழைப்பு. ஆஸ்திரியாவின் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் கம்பிகள் தட்டையாக இருந்தும் தளர்வானவை; நடு அதிர்வெண்களில் பாடும். ஃபிளாட்வுண்ட் கட்டிப் பிடிக்காமல் போனவர்கள் பலரும் இந்த இழுவிசை வேறுபாட்டைப் பாராமல் ஒரே ஒரு வகையை மட்டும் கட்டிப் பார்த்தவர்களே. ஃபிரெட் இல்லாத கிட்டாரில் எபாக்ஸிப் பூச்சு போன்ற பாதுகாப்பு இல்லாவிட்டால் ரவுண்ட்வுண்ட் மரத்தை அறுத்துத் தடம் போடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நைலான் நாடா சுற்றிய கம்பி டபுள் பேஸின் 'தும்' ஒலிக்குக் கிட்டே வரும். வேண்டுமானால் ஒருமுறை கட்டிப் பார்க்கலாம்.

நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதமும் வியர்வையும் ரவுண்ட்வுண்டின் சுற்றுகளுக்கிடையில் அழுக்கும் உப்புமாகச் சேர்ந்து ஒலியை மழுக்கும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் உலர்ந்த பருத்தித் துணியால், அடிப்பக்கமும் சேர்த்து, துடைத்துவிடுங்கள்.

செட்டப்

கம்பி வகையை மாற்றினால் இழுவிசை மாறும். இழுவிசை மாறினால் நெக் வளையும். புதுக் கம்பி ஒத்துவரவில்லை என்ற முடிவுக்கு வருமுன் செட்டப் செய்யுங்கள்.

முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தால் நல்ல தொடக்கம். ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும் இடைவெளி அது. கூடுதலாக இருந்தால் நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராடைக் கடிகார திசையில் கால் சுற்று திருப்பி, சுருதி சேர்த்து, மீண்டும் அளந்துபாருங்கள். ஒரே மூச்சில் அரைச் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. திருகு அசைய மறுத்தால் பலம் காட்டாமல் கைதேர்ந்த கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். டிரஸ் ராட் உடைந்தால் நெக்கே போய்விடும்.

அடுத்தது கம்பியின் உயரம். பதினேழாவது ஃபிரெட்டில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை நடுத்தரம். உயரம் கூடினால் சுரம் சுத்தமாகவும் கனமாகவும் வரும், விரல் களைக்கும். குறைந்தால் வேகம் கிடைக்கும், ஃபிரெட்டில் பட்டு 'கிர்ர்' என்று கேட்கும். அந்தக் 'கிர்ர்' சில ராக் தொனிகளுக்கு வேண்டியதே. கடைசியாக, பன்னிரண்டாவது ஃபிரெட்டின் ஹார்மோனிக்கையும் அதே ஃபிரெட்டில் அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு.

தடித்த ஃபிளாட்வுண்ட் கட்டும்போது நட்டின் பள்ளத்தில் கம்பி சரியாக இறங்குகிறதா என்று பாருங்கள். மேலே தொக்கி நின்றால் திறந்த சுரம் மட்டும் மந்தமாக ஒலிக்கும். பள்ளத்தை அளவான அரத்தால் அகலப்படுத்த வேண்டும்.

பிக்கப்: முதலில் உயரம், பிறகுதான் மாற்றம்

பிக்கப்பின் இரு பக்கமும் உள்ள திருகுகளை இதுவரை தொடாதவர்கள், புதுப் பிக்கப்புக்குப் பணம் எண்ணுமுன் அவற்றைத் தொடுங்கள். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்தியபடி அளந்தால், ஈ கம்பிக்குக் கீழே 3 மில்லிமீட்டரும் ஜி கம்பிக்குக் கீழே 2 முதல் 2.5 மில்லிமீட்டரும் வைத்துத் தொடங்கலாம். அருகே கொண்டுவந்தால் ஒலி பெருக்கும், முன்னுக்கு வரும். மிக அருகே வந்தால் காந்தமே கம்பியை இழுக்கும். மேல் ஃபிரெட்டுகளில் சுருதி தள்ளாடும், சுரம் சீக்கிரம் சாகும். சற்று இறக்கினால் ஒலி திறந்து, மூச்சுவிடும்.

வகைகளைப் பொறுத்தவரை, 1957இல் பிரிசிஷன் பேஸுக்கு வந்த இரண்டாகப் பிளந்த பிக்கப், மின் இரைச்சலைத் தானே நீக்கிக்கொள்ளும். நடு அதிர்வெண்ணில் ஒரு தடிப்பு இருக்கும். எந்தக் குழுவிலும் தனக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். இரண்டையும் முழுதாகத் திறந்தால் நடுப்பகுதி குழிந்து, ஸ்லாப்புக்கு ஏற்ற ஒலி வரும். இரைச்சலும் பெருமளவு அடங்கும். பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் திறந்தால் ஜாக்கோவின் பக்கம் போகலாம்; இரைச்சலும் கூடவே வரும். லியோ ஃபெண்டர் தன் பழைய நிறுவனத்தை விட்டபின் வடிவமைத்து, 1976இல் மியூசிக் மேன் பெயரில் வந்த ஸ்டிங்ரே வேறு ஜாதி. பிரிட்ஜை நோக்கி ஒரு பெரிய ஹம்பக்கர், உள்ளேயே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப். ஷிக் குழுவில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் கொடுத்த அந்த முறுக்கான டிஸ்கோ ஒலிக்கு அதுதான் வேர்.

பிக்கப்பின் இடத்தை நாம் நகர்த்த முடியாது. பிரிசிஷனில் எந்தப் பிக்கப்பைப் போட்டாலும் அது ஸ்டிங்ரே ஆகாது. கம்பியின் எந்தப் புள்ளியைக் கேட்கிறது என்பது மரத்தில் வெட்டிய குழியால் முடிவாகிவிட்டது. தேவைப்படும் தொனிக்கும் கையிலுள்ள கிட்டாருக்கும் உள்ள தூரம் இந்த வகையைச் சேர்ந்ததென்றால், பிக்கப் மாற்றும் பணத்தைச் சேர்த்துவைத்து வேறு கிட்டார் வாங்குவதே நியாயம். அதே குடும்பத்துக்குள்தான் தேடுகிறீர்கள், இன்னும் தெளிவு வேண்டும், இரைச்சல் குறைய வேண்டும் என்றால், பிக்கப் மாற்றலாம். ஜாஸ் பேஸுக்கு வாங்கும்போது அளவை அளந்துகொள்ளுங்கள். பல கிட்டார்களில் பிரிட்ஜ் பிக்கப் நெக் பிக்கப்பைவிட 2–3 மில்லிமீட்டர் நீளம் கூடியது. சில கிட்டார்களில் இரண்டும் ஒரே நீளம்.

மூடிக்கு அடியில்

சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவருக்கு மிகுந்த பலன் தரும் பகுதி இது. பேசிவ் பேஸில் ஒற்றைச் சுருள் பிக்கப்புகளுக்கும் பிரிசிஷன் பிக்கப்புக்கும் 250 கிலோ ஓம் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) வழக்கம். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம். மதிப்பு கூடினால் உச்ச அதிர்வெண்கள் கூடுதலாக வெளியே வரும். பளபளப்பு அதிகம் என்று தோன்றும் கிட்டாரில் 500 கிலோ ஓம் பாட் இருக்கிறதா என்று முதலில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

டோன் குமிழோடு இணைந்த கெப்பாசிட்டர் பொதுவாக 0.047 மைக்ரோஃபாரட். 0.1 போட்டால் குமிழைக் குறைக்கும்போது ஒலி இன்னும் இருளும், 0.022 போட்டால் கொஞ்சம் மட்டுமே மங்கும், நடுப்பகுதி முன்னால் நிற்கும். விலை சில ரூபாய்களே. எண்ணெய்த் தாள் கெப்பாசிட்டர், பழங்காலத்துக் கெப்பாசிட்டர் என்று பெருவிலைக்கு விற்கப்படுபவற்றுக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன். மதிப்பு ஒன்றாக இருந்தால் ஒலியும் ஒன்றே.

ஜாஸ் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறப்பு வழி உண்டு. இரண்டு பிக்கப்புகளும் சாதாரணமாகப் பக்க இணைப்பில் இருக்கும். இழுத்தால் மாறும் புஷ்-புல் பாட் ஒன்றைப் போட்டு அவற்றைத் தொடர் இணைப்புக்கு மாற்றும்படி செய்துகொள்ளுங்கள். இழுத்த நொடியில் ஒலி பெருத்து, நடுப்பகுதி தடித்து, பிரிசிஷனின் குணத்துக்கு நெருங்கி வரும். ஒரு கிட்டாரோடு மேடை ஏறுபவருக்கு இது வரப்பிரசாதம்.

இரைச்சலுக்கு, உட்குழிகளில் செப்புத் தாள் ஒட்டி, அதை கிரவுண்டோடு இணையுங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதென்றால் கிட்டாரின் கிரவுண்ட் இணைப்பு சரி, மறைப்புத்தான் போதவில்லை. தொட்டதும் இரைச்சல் கூடினால் எங்கோ இணைப்புத் தவறு. லேசாக 'ஷாக்' உணர்ந்தாலும் வாசிப்பை நிறுத்தி, மின்வழங்கலைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஆக்டிவ் ப்ரீஆம்ப் பற்றி ஒன்றிரண்டு சொற்கள் போதும். மார்கஸ் மில்லரின் 1977ஆம் ஆண்டு ஜாஸ் பேஸில் ரோஜர் சடோவ்ஸ்கி பொருத்திய ப்ரீஆம்ப், ஸ்லாப் தொனியின் அளவுகோலாகவே ஆகிவிட்டது. பேஸையும் டிரபிளையும் உயர்த்த அது உதவும். நீளமான கேபிளில் உச்ச அதிர்வெண் தேய்வதையும் தடுக்கும். பேசிவ் கிட்டாருக்குக் கேபிளின் ஒவ்வொரு மீட்டரும் கணக்கில் வரும் என்பதால், தேவைக்கு மேல் நீளமான கேபிளைத் தவிருங்கள். ஆக்டிவ் கிட்டாரில், வாசிக்காதபோது ஜாக்கைப் பிடுங்கி வையுங்கள்; செருகியே இருந்தால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

கிட்டாரையே வாங்கும்போது

பழையதோ புதியதோ, ஆம்ப்பில் செருகுமுன் மடியில் வைத்து வாசியுங்கள். மின்சாரமே இல்லாமல் சுரம் தெளிவாக, சமமாக எழும் கிட்டாரில்தான் மேற்சொன்ன மாற்றங்கள் எடுபடும். ஜி கம்பியில் ஐந்தாவது முதல் ஏழாவது ஃபிரெட் வரை ஒவ்வொன்றாக நீட்டிப் பாருங்கள். ஃபெண்டர் வகை நெக்குகளில் அங்கே ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போவது உண்டு. அதைச் செட்டப்பால் சரிசெய்ய முடியாது. நெக்கைத் தலைப்பக்கமிருந்து கண் வைத்துப் பார்த்து, முறுக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். வளைவு திருத்தக்கூடியது, முறுக்கு அப்படியல்ல. கை சிறியவர்கள் 30 அங்குல நீளமுள்ள ஷார்ட் ஸ்கேல் பேஸைத் தயங்காமல் எடுக்கலாம். பால் மெக்கார்ட்னி தன் ஹோஃப்னரில் வாசித்தது இந்த அளவே. தளர்வான கம்பியின் உருண்டையான ஒலி அதற்கே உரியது.

ஆம்ப்பும் அறையும்

ஆம்ப்பெக் பி-15, பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றோடு 1960இல் வந்தது. சின்ன அரங்குக்கும் ஸ்டுடியோவுக்குமான இதமான வால்வ் ஒலி. அதே நிறுவனத்தின் எஸ்.வி.டி. 1969இல் 300 வாட்டோடும் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெட்டிகளோடும் வந்து ராக் மேடையின் பேஸைத் தீர்மானித்தது. இன்றைய கிளாஸ்-டி ஆம்ப்புகள் ஒரு கைப்பைக்குள் அடங்கும். அதே வாட் அளவு கிடைக்கும். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபெல் மட்டுமே கூடும் என்பதால் 300க்கும் 350க்கும் நடுவே யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். திறமையான ஒரு கேபினட் கூடுதல் வாட்டைவிடப் பயன் தரும். இரண்டு 8 ஓம் கேபினட்டுகளைச் சேர்த்தால் 4 ஓம். உங்கள் ஆம்ப் அதற்குத் தாங்குமா என்று பின்பக்கம் எழுதியிருக்கும். வால்வ் ஆம்ப்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டவே கூடாது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும்.

எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். எதையும் ஏற்றுமுன், மறைப்பதை இறக்குங்கள். கலங்கலாக இருந்தால் 250 ஹெர்ட்ஸைச் சற்றுக் குறைத்தால் கனம் தானாக வெளியே வரும். ஆம்ப்பைச் சுவர் மூலையில் வைத்தால் அடிஒலி பெருகும். சிறிய அறையில் அதுவே தொல்லை. பலகை அடித்த தற்காலிக மேடையோ தானே ஒரு பெட்டியாக அதிரும். ஆம்ப்பை நாற்காலி மேலோ தடித்த ஃபோம் மேலோ தூக்கி வையுங்கள்.

கம்ப்ரெசர் ஒன்று போதும் பெரும்பாலோருக்கு: 3:1 அல்லது 4:1 விகிதம், 20–30 மில்லிசெகண்ட் அட்டாக். விரலின் முதல் தட்டல் தப்பி வெளியே வரட்டும். ஓவர்டிரைவ் வாங்கினால் சுத்த ஒலியையும் கலந்து தரும் பிளெண்ட் குமிழ் உள்ளதாகப் பாருங்கள். இல்லையேல் அடிஒலி காணாமல் போகும்.

மேடைக்குப் போகும்போது

நம் ஊர்களில் தேவாலயத்திலும் மெல்லிசைக் கச்சேரியிலும் பேஸ் பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸருக்குத்தான் போகிறது. ஜேமர்சனும் மோட்டவுன் ஸ்டுடியோவில் அப்படியே பதிவு செய்தார், ஆகவே இதைக் குறையாக எண்ண வேண்டாம். ஆனால் பேசிவ் பேஸை மிக்ஸரின் சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் ஒலி மழுங்கிவிடும். பிக்கப்புக்கு ஏறக்குறைய 10 லட்சம் ஓம் உள்ளீடு வேண்டும். அதைத் தந்து பேஸை நேராக மிக்ஸரோடு இணைக்கும் நல்ல டி.ஐ. பெட்டி ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். பெடல் வாங்கும் ஆசை வந்தால் முதலில் வாங்க வேண்டியது அதுதான். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் போன்ற டி.ஐ. பெட்டிகள் ஆம்ப்பின் குணத்தையும் சேர்த்தே தருகின்றன. வாடகை ஒலியமைப்பை நம்பியிருப்பவருக்கு அவை பெரிய துணை.

50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் டி.ஐ. பெட்டியிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். இரைச்சலைப் போக்க எந்தப் பிளக்கின் எர்த் முனையையும் ஒடிக்கவோ டேப் ஒட்டவோ கூடாது. அது உயிரைப் பறிக்கும் வேலை. மேடையில் ஆம்ப்பும் இருந்தால், சவுண்ட் செக்கில் ஒலியமைப்பாளரிடம், உங்கள் ஈக்வலைசருக்கு முந்தைய ஒலி போகிறதா பிந்தைய ஒலி போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முந்தையது என்றால், ஆம்ப்பில் நீங்கள் திருப்பும் குமிழ்கள் உங்கள் காதுக்கு மட்டுமே. அப்போது 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லி, 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றித் தரக் கேளுங்கள். நான்கு கம்பிகளிலும் தாழ்ந்த சுரம் ஒன்று, உயர்ந்த சுரம் ஒன்று என்று நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். கம்பிக்குக் கம்பி ஒலி அளவு மாறுகிறது என்று அவர் சொன்னால் மிக்ஸரைத் தொட விடாமல், உங்கள் பிக்கப்பின் திருகைத் திருப்புங்கள்; அதற்கு ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் எப்போதும் கிட்டார் பையிலேயே இருக்கட்டும்.